வாசலில் ஒரு பெயர், சம்பளச் சீட்டில் வேறு பெயர்

தோட்டப் பாட்டாளி மக்களே! தோட்டத்தை விட்டுத் தாமானுக்கும் பிளாட்டுக்கும் குடிபோய்விட்ட நம் குடும்பங்களே!

"மவளுக்கு ஆஸ்பத்திரியில வேலை கெடச்சிருச்சி" என்று ஒரு தாய் சொல்லும்போது அந்த முகத்தில் வருகிற களிப்பு நமக்கெல்லாம் தெரிந்ததுதான். மழை இல்லை, வெயில் இல்லை, கொசுக்கடி இல்லை. மாதம் பிறந்தால் சம்பளம். அக்கம்பக்கத்தார் உடனே கேட்பது, "எந்த ஆஸ்பத்திரி?" பெரிய ஆஸ்பத்திரி என்றால் ஒரு மதிப்பு. கண்ணாடிக் கதவு போட்ட தனியார் ஆஸ்பத்திரி என்றால் இன்னொரு மதிப்பு.

"யாரு முதலாளி?" என்று கேட்பவர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அந்தக் கேள்வியைத்தான் இந்த வாரம் பேசப்போகிறேன். ஏனென்றால், ஆஸ்பத்திரி வாசலில் தொங்குகிற பெயரைப் பார்த்து நம் பிள்ளைகளின் சம்பளம் முடிவாவதில்லை. சம்பளச் சீட்டின் தலைப்பில் எந்தப் பெயர் இருக்கிறதோ, அதை வைத்துத்தான் முடிவாகிறது.

மூன்று சட்டை

சில மாதங்களுக்கு முன் ஓர் அக்கா சங்க அலுவலகத்துக்கு வந்தார். தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டதும் டவுனுக்கு வந்து, அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் பதினெட்டு வருஷமாக வார்டு கூட்டித் துடைக்கிறார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் மூன்று சட்டை. மூன்றும் மூன்று நிறம். நெஞ்சில் மூன்று கம்பெனிப் பெயர்.

"தம்பி, நான் எங்கேயும் போகல. அதே வார்டு, அதே மாடி, அதே வாளி. மாறுனது சட்டை மட்டுந்தான். இப்ப வருஷ லீவு எட்டு நாளுன்னு சொல்றாங்க. போன வருஷம் பதினாறு நாளு இருந்துச்சே. எப்படிப்பா?" என்று கேட்டார்.

எப்படி என்பதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, ஒரே முதலாளியிடம் இரண்டு வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டு விடுப்பு 8 நாள். இரண்டு முதல் ஐந்து வருஷத்துக்குள் 12 நாள். ஐந்து வருஷம் தாண்டினால் 16 நாள். நோய் விடுப்பும் அப்படியே 14, 18, 22 நாள் என்று ஏறும். முதலாளியின் பெயர் மாறிவிட்டால் கணக்கை மறுபடி ஒன்றாம் நாளிலிருந்து தொடங்கி விடுகிறார்கள். நேற்று வந்த சின்னப் பெண்ணுக்கும் எட்டு நாள். பதினெட்டு வருஷம் முதுகு வளைத்த அக்காவுக்கும் எட்டு நாள்.

அதைவிடப் பெரிய அடி வேறொன்று. பழைய கம்பெனி போகும்போது ஒரு தாளை நீட்டி, "இங்க சைன் பண்ணுங்க, அப்பத்தான் புதுக் கம்பெனியில சேர்ப்பாங்க" என்று சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார். அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டார். வாங்கிப் படித்துப் பார்த்தேன். சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகுகிறேன் என்ற கடிதம் அது!

1980-ஆம் ஆண்டு ஆள்குறைப்பு நட்டஈட்டு விதிகளின்படி, முதலாளி வேலையை முடித்தால் இரண்டு வருஷத்துக்குக் குறைவான சேவைக்கு வருஷத்துக்கு 10 நாள் சம்பளம், ஐந்து வருஷம் வரை 15 நாள், அதற்கு மேல் 20 நாள் சம்பளம் தரவேண்டும். பதினெட்டு வருஷம் ஒரே முதலாளியிடம் இருந்தவருக்கு 360 நாள் சம்பளம் வரும். தானாக விலகியவருக்கு ஒரு காசு வராது. அந்த ஒரு கையெழுத்தின் விலை என்ன என்று நீங்களே கணக்குப் பாருங்கள். தொழிலாளர் இலாகாவில் முறையீடு கொடுத்திருக்கிறோம். முடிவு வந்ததும் இதே பகுதியில் எழுதுகிறேன்.

இது நமக்குப் புதுசா?

தோட்டத்து ஆட்களுக்கு இந்த வித்தையை விளக்கவே வேண்டியதில்லை. செக்ரோலில் பெயர் உள்ள ஆள், காண்டிராக்டரின் ஆள் என்று இரண்டு சாதியை நாம் பார்த்து வளர்ந்தவர்கள். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் புல் வெட்டவும் மருந்து அடிக்கவும் மறுநடவுக்கும் காண்டிராக்டர் வந்தார். ஒரே மலை, ஒரே நிரை. ஒருவருக்கு வீடு, லீவு, சேமநிதி உண்டு. பக்கத்தில் நின்றவருக்குக் கூலி மட்டும்தான். கேட்டால், "அவன் எங்க ஆள் இல்ல" என்று ஆபீசில் சொல்லிவிடுவார்கள்.

அதே கதைதான் அரசாங்க ஆஸ்பத்திரிக்குள்ளும் நுழைந்தது. 1996 அக்டோபரில் அரசாங்கம் ஐந்து வேலைகளைத் தனியாருக்கு ஒப்படைத்தது. துப்புரவு, துணி வெளுப்பு, மருத்துவக் கழிவு அகற்றுவது, கட்டடப் பராமரிப்பு, மருத்துவக் கருவிப் பராமரிப்பு ஆகியவையே அந்த ஐந்தும். மூன்று கம்பெனிகளுக்கு 15 வருஷ ஒப்பந்தம். 2015-இல் மறுபடி 10 வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டார்கள். கம்பெனிகள் உள்குத்தகையும் விடலாம். இப்படித்தான் ஒரே வார்டில் மிஸ்ஸிக்கு ஒரு முதலாளி, துடைக்கிறவருக்கு வேறு முதலாளி, வாசலில் நிற்கும் ஜாகாவுக்கு இன்னொரு முதலாளி என்று ஆயிற்று.

சம்பளத்தை ஒப்பிட்டுப் பார்ப்போம்

அரசாங்கத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 2024 டிசம்பர் 1-இல் அரசு ஊழியர்களுக்குப் புதிய சம்பளத் திட்டம் வந்தது. அதன்படி கடைநிலை அரசு ஊழியருக்கும் சம்பளமும் நிரந்தர அலவன்ஸும் சேர்த்து மாதம் 2,000 வெள்ளிக்குக் குறையாது. நோயாளியைத் தூக்கி உட்கார வைத்து, குளிப்பாட்டி, தள்ளுவண்டியில் கொண்டு போகிற அட்டெண்டன் இந்தக் கணக்கில் வருகிறார். வருஷா வருஷம் ஊதிய உயர்வும் உண்டு.

அதே வார்டில் தரை துடைப்பவருக்குக் குறைந்தபட்சச் சம்பளம். 2025 பிப்ரவரி 1 முதல் அது 1,700 வெள்ளி. ஐந்து பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் சிறு முதலாளிகளுக்கு மட்டும் அதே வருஷம் ஆகஸ்டு வரை தவணை இருந்தது. 1,700-இல் சேமநிதிக்கு 187 வெள்ளி பிடித்து, சொக்சோவும் பிடித்தால் கையில் வருவது ஏறக்குறைய 1,500 வெள்ளி. அதில்தான் வீட்டு வாடகை, பஸ் காசு, பிள்ளை படிப்பு எல்லாம்.

இரண்டுக்கும் வித்தியாசம் மாதம் 300 வெள்ளி. வருஷத்துக்கு 3,600. இருபது வருஷத்துக்கு 72,000 வெள்ளி. ஒரு பிள்ளையைக் காலேஜ் அனுப்புகிற காசு, தோழர்களே!

"வேலை வேற, அதனால சம்பளம் வேற" என்பார்கள். சரி, வேலை வேறுதான். ஆனால் கிருமிக்கு அது தெரியுமா? ஊசி குத்தினால் அட்டெண்டன் கையில் ஒரு மாதிரியும் துப்புரவுக்காரர் கையில் வேறு மாதிரியுமா குத்தும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல் தீபகற்பத்தில் 900 வெள்ளி. 2016-இல் 1,000. 2019-இல் 1,100. 2020-இல் நகரங்களில் 1,200. 2022-இல் 1,500. 2025-இல் 1,700. நம் அக்காவின் சம்பளம் ஏறிய வருஷங்களும் இவைதான். சட்டம் ஏறினால் சம்பளம் ஏறும், இல்லாவிட்டால் அப்படியே கிடக்கும். முதலாளி மனமிரங்கிப் போட்டது ஒன்றுமில்லை. காண்டிராக்ட் விலையில் ஆள் கூலிதான் பெரும்பங்கு. விலையைக் குறைத்துக் காட்டியவனுக்கே காண்டிராக்ட் கிடைக்கும் என்றால், அவன் சட்டம் சொன்னதற்கு மேல் ஒரு காசு கூட்டுவானா? சட்டம் போட்ட தரையே கூரையும் ஆகிவிடுகிறது.

தனியார் ஆஸ்பத்திரிக்கு வருவோம். அங்கே மிஸ்ஸிகளுக்கு ஒரு பலம் உண்டு. சிங்கப்பூர் கூப்பிடுகிறது, சவூதி கூப்பிடுகிறது. நல்ல மிஸ்ஸி போய்விட்டால் ஆள் கிடைக்காது என்று நிர்வாகம் பயப்படும், பேரம் பேசும். துடைக்கிறவருக்கு அந்தப் பலம் இல்லை. அங்கேயும் பல இடங்களில் துப்புரவு காண்டிராக்டில்தான் நடக்கிறது. நேப்பாளத்துத் தம்பி, வங்காளதேசத்துத் தம்பி பக்கத்தில் நிற்கிறார். அவர்மேல் கோபப்பட வேண்டாம். நம் பாட்டன் கப்பலேறி வந்தபோது அவரையும் கூலியைக் குறைக்கத்தான் கொண்டு வந்தார்கள்.

எந்தப் படியில் யார்?

சம்பளம் ஒரு பாதி. அந்தச் சம்பளத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது மறு பாதி.

அந்தக் காலத் தோட்டத்து ஆஸ்பத்திரியை நினைத்துப் பாருங்கள். தோட்ட முதலாளி ஆஸ்பத்திரி வைக்க வேண்டும் என்று வெள்ளைக்காரன் காலத் தொழிலாளர் சட்டமே சொன்னது. வந்து பார்த்துப் போகிற டாக்டர் வெள்ளைக்காரர். டிரஸர் பெரும்பாலும் மலையாளி அல்லது யாழ்ப்பாணத்தார். கூட்டுகிறவரும் வாளி சுமக்கிறவரும் ஆயாவும் தமிழ்ப் பாட்டாளிகள். வாளி சுமக்கிறவருக்குத் தோட்டி என்று பெயர் வைத்து, அவர் பிள்ளைக்கும் அதே வாளியைக் கொடுத்தார்கள். இனத்துக்கு ஒரு படி, சாதிக்கு ஒரு படி. அந்த ஆஸ்பத்திரிக்கு "எங்களிடம் எல்லா இனத்தாரும் வேலை செய்கிறார்கள்" என்று போர்டு மாட்டியிருந்தால் அது பொய்யாகாது. ஆனால் அதில் நியாயம் இருந்ததா?

இன்றைக்கும் பெரிய கம்பெனிகள் அப்படித்தான் கணக்குக் காட்டுகின்றன. பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகள், எந்தத் தர ஊழியரில் பெண்கள் எத்தனை விழுக்காடு, எந்த வயதினர் எத்தனை விழுக்காடு என்று வெளியிட வேண்டும் என 2022-இல் புர்சா மலேசியா விதி செய்தது. நல்ல விதிதான். ஆனால் இனவாரிக் கணக்கை அந்த விதி கேட்கவில்லை. காண்டிராக்டரின் ஆட்களோ ஆஸ்பத்திரியின் சொந்த ஊழியர் பட்டியலிலேயே வரமாட்டார்கள். பதினெட்டு வருஷம் அந்தத் தரையைக் கூட்டியவரைக் கணக்கிலிருந்தே கூட்டித் தள்ளிவிட்டு, "எங்கள் ஊழியரின் சராசரிச் சம்பளம் நன்றாக இருக்கிறது" என்று சொன்னால், ஏன் நன்றாக இருக்காது?

வெறும் தலை எண்ணிக்கை போதாது என்பதற்கு நம் இனமே சாட்சி. தனியார் ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் பெயர்ப் பலகையைப் பாருங்கள், நம்மவர் பெயர் நிறைய இருக்கும். பெருமைதான். கீழே தரையைப் பாருங்கள், நம்மவர் கையில் துடைப்பம் இருக்கும். மேலே பத்துப் பேர், கீழே பத்துப் பேர் என்று கூட்டினால் "இந்தியர் இருபது பேர், பரவாயில்லையே" என்று தோன்றும். நடுவில் உள்ள மிஸ்ஸி, லேப், மருந்தகம், ரெக்கார்டு ஆபீஸ், ஸ்டோர், நிர்வாகம் ஆகிய படிகளில் எத்தனை பேர் என்று யாரும் எண்ணிக் காட்டுவதில்லை. தரையில் இருப்பவரின் பிள்ளை ஏறவேண்டிய படிகள் அவைதான்.

அரசாங்கத்திலும் கேள்வி உண்டு. 2014 முடிவில் அரசு ஊழியரில் இந்தியர் சுமார் 4 விழுக்காடு. நாட்டின் குடிமக்களில் நாம் ஏறக்குறைய 7 விழுக்காடு. அரசு வேலையில் இனம் பார்க்கக் கூடாது என்று அரசியலமைப்புச் சட்டத்தின் 8-ஆம் விதி பொதுவாகச் சொல்கிறது. 2001 முதல் ஆண், பெண் பேதமும் கூடாது என்று அதிலேயே சேர்த்தார்கள். குறையை அரசாங்கத்தின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. அட்டெண்டன் வேலைக்கு விளம்பரம் வருகிறது. நம் வீட்டில் எத்தனை பேர் விண்ணப்பம் போடுகிறோம்? "நமக்கெங்க கெடைக்கப் போவுது" என்று போடாமலே விட்டவர்கள் எத்தனை பேர்? பாரம் போடாதவனுக்குக் கிடைக்கவில்லை என்று அமைச்சரிடம் போய் எப்படிச் சண்டை போடுவது?

ஒப்பிட்டுக் கேட்டவர்களுக்குக் கிடைத்தது

"இதெல்லாம் பேசி என்ன ஆகப்போவுது" என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு பழைய செய்தி. ஒரு காலத்தில் இந்நாட்டு அரசாங்க வேலையில் பெண்ணுக்கு ஆணைவிடச் சம்பளம் குறைவு. ஒரே படிப்பு, ஒரே பதவி, ஆனால் வேறு சம்பளம். ஆசிரியைகளும் மற்றப் பெண் ஊழியர்களும் சங்கம் வழியாக விடாமல் கேட்டார்கள். சம்பளச் சீட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிக் கேட்டார்கள். 1969-இல் அரசாங்கத்தில் நிரந்தரப் பெண் ஊழியர்களுக்குச் சம ஊதியம் வந்தது. 1997-இல் சம வேலைக்குச் சம ஊதியம் என்ற அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 100-ஆம் உடன்படிக்கையை மலேசியா ஏற்றது. அதற்கு முந்தின வருஷம்தான் ஆஸ்பத்திரித் துப்புரவு தனியார் கைக்குப் போயிருந்தது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கியது போல ஆயிற்று.

துப்புரவுப் பெண்களும் சும்மா இருக்கவில்லை. ஆஸ்பத்திரி துணைச் சேவைத் தொழிலாளர்கள் சங்கம் அமைத்தார்கள். 2020 ஜூனில், கோவிட் காலத்தில், ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு வெளியே மறியல் செய்தபோது சங்கத்தைச் சேர்ந்த ஐந்து பேரைப் போலீஸ் கைது செய்தது. நாடே முன்களப் பணியாளர் என்று கைதட்டிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. கைதட்டல் கிடைத்தது வெள்ளைச் சட்டைக்கு, கைவிலங்கு கிடைத்தது வாளி தூக்கியவர்களுக்கு.

என்ன செய்ய வேண்டும்?

பிள்ளையை ஆஸ்பத்திரி வேலைக்கு அனுப்பும் தாய் தகப்பன்மாரே, இதை வெட்டிச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

வேலைக் கடிதத்தில் முதலாளி யார் என்று முதலில் பாருங்கள். மலாய் புரியாவிட்டால் படித்த பிள்ளையிடமோ சங்கத்திடமோ காட்டுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலை என்றால் எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும். சம்பளம், மாதம் முடிந்து ஏழாம் நாளுக்குள் வர வேண்டும். சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு சீட்டையும் பிஸ்கட் டின்னில் போட்டாவது பத்திரப்படுத்துங்கள். அக்காவின் பையில் மூன்று சட்டையும் பழைய சீட்டுகளும் இருந்ததால்தான் நம்மால் வழக்கை எடுக்க முடிந்தது.

கம்பெனி மாறும்போது எந்தத் தாளிலும் அவசரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். "என் பழைய சேவை தொடருமா? இல்லையென்றால் நட்டஈடு யார் தருவது?" என்று எழுத்தில் கேளுங்கள். ஒருவர் கேட்டால் முறைப்பார்கள். வார்டு முழுக்க ஒன்றாகக் கேட்டால் பதில் சொல்வார்கள்.

வேலையில் இனம், ஆண், பெண் என்று பேதம் காட்டினால், 2023 ஜனவரி 1 முதல் தொழிலாளர் இலாகாவில் முறையிடலாம். திருத்தப்பட்ட வேலைவாய்ப்புச் சட்டத்தின் 69எஃப் பிரிவு அதற்காக வந்தது. இலாகாவின் உத்தரவை மீறும் முதலாளிக்கு 50,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. தீபகற்பத்தில் தனியார் முதலாளியிடம் வேலை செய்கிறவர்களுக்கு இது ஓர் ஆயுதம். பாவிக்காத ஆயுதம் துருப்பிடித்துப் போகும்.

அரசாங்கத்துக்கும் ஆஸ்பத்திரி நிர்வாகங்களுக்கும் நாம் வைக்கும் கோரிக்கை இரண்டே இரண்டு. காண்டிராக்ட் கைமாறினாலும் தொழிலாளியின் சேவை வருஷம் அறுபடக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அடுத்து, உங்கள் கூரையின்கீழ் வேலை செய்யும் எல்லோரையும், காண்டிராக்டரின் ஆளையும் சேர்த்து, எந்தப் படியில் எந்த இனம், ஆணா பெண்ணா, சம்பளம் எவ்வளவு என்று வருஷம் ஒருமுறை வெளியிடுங்கள். மறைக்க ஒன்றுமில்லை என்றால் வெளியிடத் தயக்கம் ஏன்?

அக்கா அன்று கிளம்பும்போது அந்த மூன்று சட்டையையும் மறுபடி மடித்துப் பையில் வைத்தார். "இத ஏன்க்கா இன்னும் வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். "நான் இங்கதான் இருந்தேன்னு சொல்றதுக்கு எங்கிட்ட வேற என்னா இருக்கு தம்பி?" என்றார்.

பதினெட்டு வருஷ உழைப்புக்குப் பழைய சட்டை சாட்சியாக இருக்கலாகாது. உங்கள் வீட்டிலும் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகிறவர் இருந்தால், இன்று இரவே அவருடைய சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். மேலே யார் பெயர் இருக்கிறது என்று படியுங்கள். நாளைக்குப் பக்கத்து வார்டுக்காரரின் சீட்டோடு வைத்துப் பாருங்கள். அடுத்த வாரம் அந்தச் சீட்டுகளோடு சங்கத்துக்கு வாருங்கள்.